நூறு ரூபா ரியாலும் எண்பது ரூபா ரியாலும்: வெளிநாட்டுச் சீவியத்தின் செலவைக் கணக்கிடும் வழி

நான் கட்டாரின் தோஹாவில் ஒரு ஸ்டோரில் வேலை செய்த காலத்தில், ஆரையம்பதியிலிருந்து அம்மா எடுக்கும் அழைப்புகள் ஒரே மாதிரித்தான் தொடங்கும். "சாப்பிட்டியா மனே?" அது முடிய, "இண்டைக்கு ரியால் எவ்வளவாம்?" 2022 இல் அந்த எண் 55 இலிருந்து 99 வரை ஏறியபோது எங்கள் வீட்டில் திருவிழாதான். சில மாதம் கழித்து அதே அம்மா, "அனுப்புற காசு காணாம இருக்கு மனே" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏறக்குறைய இரண்டு மடங்கு ரூபா போகிறது, எப்படிப் போதாமல் போகும்? அன்று இரவு கட்டிலில் இருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மா சொன்னதுதான் சரி.

அந்தக் கணக்கைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கங்களில் ஒருவராவது கடல் கடந்து போகாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆட்கள் வளைகுடாவில். படுவான்கரையில் இருந்து போனவர்களும் அங்கேதான். உறவினர் சிலர் சுவிஸிலும் லண்டனிலும். இப்போது படிக்கப் போகிற பிள்ளைகள் வேறு. நாணய மாற்று வீதம் இவர்கள் எல்லோரையும் தொடுகிறது. ஆனால் ஒரே மாதிரித் தொடுவதில்லை.

படி 1: ஒரு கொப்பி, மூன்று நிரல்

ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரித்து வரவு, செலவு, கடன் என்று தலைப்புப் போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எந்த நாணயம் என்று எழுதுங்கள். அவ்வளவுதான், ஆனால் இதைச் செய்யாமல் ரேட்டைப் பற்றிக் கதைப்பதில் பயன் இல்லை.

கட்டாரில் வேலை செய்யும் ஒரு கல்முனைத் தம்பியை எடுத்துக்கொள்வோம். சம்பளம் ரியாலில். அறை வாடகை, சாப்பாடு, தொலைபேசி ரியாலில். வீட்டுக்கு அனுப்புவது ரூபாவாக மாறுகிறது. போவதற்கு வாங்கிய கடன் ரூபாவில். தங்கச்சிக்குக் கட்டுகிற வீட்டின் செலவும் பார்க்க ரூபாதான், ஆனால் கம்பிக்கும் ஓட்டுக்கும் பின்னால் டொலர் நிற்கிறது. அதை வேறு நிறப் பேனாவால் எழுதி வையுங்கள்.

இங்கிலாந்தில் படிக்கும் மட்டக்களப்புப் பிள்ளையின் பக்கம் வேறு மாதிரி இருக்கும். கட்டணம், வாடகை, பஸ் எல்லாம் பவுணில். பணம் வருவது அப்பாவின் ரூபாவில் இருந்து. பகுதிநேர வேலைச் சம்பளம் மட்டும் பவுண்.

இப்போது பாருங்கள். வரவும் செலவும் ஒரே நாணயத்தில் இருக்கிற வரிகளை ரூபாவின் ரேட் தொடாது. டொலர் நாளைக்கு 400 ரூபா ஆனாலும் தோஹா அறை வாடகை ஒரு ரியாலும் கூடாது. "ரூபா விழுந்திட்டு, அங்க சீவிக்கிறது கஷ்டமாம்" என்று ஊரில் சொல்வது அங்கே சம்பளம் எடுப்பவருக்குப் பொருந்தாது. இங்கிருந்து காசு போகிற மாணவருக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். ஒரு நாணயத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தாண்டுகிற வரிகளை வட்டமிடுங்கள். இனிமேல் அந்த வட்டங்களோடுதான் நமக்கு வேலை.

படி 2: அந்த நாட்டுப் பணம் கட்டிப் போட்டதா, அவிழ்த்து விட்டதா?

வளைகுடாவில் பெரும்பாலான பணம் டொலரோடு கட்டிப் போட்டது. ஒரு டொலருக்கு 3.64 கட்டார் ரியால், 3.75 சவூதி ரியால், 3.6725 அமீரக திர்ஹாம். பல ஆண்டுகளாக இதில் மாற்றம் இல்லை. ஓமானும் பஹ்ரைனும் அப்படியே. குவைத் தினார் மட்டும் பல நாணயங்கள் சேர்ந்த கூடை ஒன்றோடு கட்டப்பட்டது, அதனால் கொஞ்சம் ஆடும். ஆகவே கட்டாரிலோ சவூதியிலோ டுபாயிலோ இருப்பவர் பார்க்க வேண்டியது ஒரே எண்: டொலருக்கு எத்தனை ரூபா. டொலர் 300 என்றால் கட்டார் ரியால் 82 ரூபா சொச்சம், சவூதி ரியால் சரியாக 80, திர்ஹாம் 81 ரூபா 70 சதம் அளவு. "ரியால் ஏறிட்டு" என்று சொல்கிறோம். ரியால் அசையவே இல்லை, இறங்கியது நம் ரூபா.

பவுண், யென், கொரிய வொன், சுவிஸ் பிராங்க் ஆகியவற்றில் இரண்டு ஆட்டம் நடக்கிறது. டொலருக்கு எதிராக அந்தப் பணம் ஆடும். டொலருக்கு எதிராக ரூபாவும் ஆடும். மத்திய வங்கியின் டொலர் விலையை மட்டும் பார்த்துவிட்டு "ரேட் அமைதியாத்தான் இருக்கு" என்று இருந்தவர்கள் 2025 இல் நன்றாக அடிபட்டார்கள். அந்த ஆண்டு ஜனவரி நடுவில் ஒரு பவுணுக்கு சுமார் 1.22 டொலர், டொலர் 295 ரூபா அளவு. பவுண் 360 ரூபா. ஜூலைத் தொடக்கத்தில் டொலர் 300 ரூபாதான், ஆனால் பவுணுக்கு 1.37 டொலர். பவுண் 411 ரூபா. டொலர் ஐந்து ரூபா நகர, பவுண் ஐம்பது ரூபா பாய்ந்தது.

சுவிஸிலும் அதேதான். 2024 முடிவில் 323 ரூபா அளவில் இருந்த பிராங்க் அடுத்த ஆண்டு நடுவில் 375 ரூபாவைத் தொட்டது. சுவிஸ் உறவினர்கள் ஒரு பிராங்க் கூட அதிகம் அனுப்பவில்லை, ஊரில் கிடைத்தது மட்டும் கூடிவிட்டது. பிராங்க் ஏறுவது அவர்களுக்குப் புதிதல்ல. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் தேசிய வங்கி, யூரோவுக்கு 1.20 என்று பிடித்து வைத்திருந்த எல்லையைத் திடீரென்று விட்டபோது, எல்லை ஓரம் இருந்தவர்கள் அரிசியும் இறைச்சியும் வாங்க ஜேர்மனிக்குள் போய் வந்தார்கள். சம்பளம் பிராங்கில், சாமான் யூரோவில். அதைவிட நல்ல நிலை ஒரு தொழிலாளிக்கு வேறு இல்லை.

ஜப்பான் இதற்கு நேர்மாறு. 2022 தொடக்கத்தில் டொலருக்கு 115 யென், டொலருக்கு 200 ரூபா. 1,80,000 யென் சம்பளம் 3,13,000 ரூபா. 2024 நடுவில் டொலருக்கு 160 யென், 305 ரூபா. அதே சம்பளம் 3,43,000 ரூபா. அதாவது ரூபா அவ்வளவு விழுந்தும், ஜப்பானில் இருந்தவருக்குப் பத்து வீதம்தான் கூடியது. கட்டாரில் இருந்தவருக்கு ஐம்பது வீதத்துக்கு மேல். அதோடு யென் விழ, ஜப்பானுக்குள் இறக்குமதியாகும் எரிபொருளும் கோதுமையும் விலை ஏறின. ஆக, சம்பளம் அப்படியே இருக்க அங்கே சாப்பாட்டுச் செலவும் கூடியது. எந்த நாட்டுக்குப் போவது என்று யோசிக்கும் தம்பிமார், இன்றைய சம்பளத்தை இன்றைய ரேட்டால் பெருக்கி ஏஜென்ட் தருகிற எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அந்தப் பணம் கடந்த ஐந்து ஆண்டில் எவ்வளவு ஆடியது என்று பார்த்துவிட்டு, மிகக் குறைந்த ரேட்டிலும் கடன் கட்டலாமா என்று ஒரு தடவை கணக்குப் போடுங்கள்.

படி 3: ரேட்டை ஊர் விலையோடு சேர்த்துப் பாருங்கள்

அம்மாவின் கணக்கு இதுதான். இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

கட்டாரில் மாதம் 2,000 ரியால் சம்பளம் என்று வைப்போம். 700 ரியாலில் சீவித்து, 1,300 ரியால் வீட்டுக்கு.

2021 செப்டெம்பரில் டொலர் 200 ரூபா அளவில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. ரியால் 55. வீட்டுக்குக் கிடைத்தது 71,500 ரூபா.

2022 மார்ச்சில் மத்திய வங்கி பிடியை விட்டது. மே மாதத்துக்குள் டொலர் 360 ஆனது. அந்த செப்டெம்பரில் ரியால் 99. அதே 1,300 ரியாலுக்கு 1,28,700 ரூபா. 1.8 மடங்கு. திருவிழாவுக்கு இதுதான் காரணம்.

ஆனால் அதே ஒரு ஆண்டில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 69.8 வீதம் ஏறியது. உணவு மட்டும் 94.9 வீதம். ஆகவே 2021 இல் 71,500 ரூபாவுக்கு வாங்கிய எல்லாவற்றையும் வாங்க 1,21,000 ரூபா வேண்டும். அந்த 71,500 முழுவதும் சாப்பாட்டுக்கே போன வீடு என்றால் 1,39,000 ரூபா வேண்டும். எங்கள் வீடு ஏறக்குறைய அப்படித்தான். அனுப்பிய காசு உண்மையில் போதவில்லை.

ஏன் விலை இப்படித் துரத்திக்கொண்டு வருகிறது? பருப்பு, சீனி, பால்மா, கோதுமை மா, எரிபொருள் இறக்குமதி. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் வாவி மீனும் அம்பாறை நெல்லும் ஏன் ஏற வேண்டும்? எஞ்சின் பூட்டிய சிறிய தோணிகள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறியது. தோணி கடலுக்குப் போவதற்கு முன்பே மீனின் விலை ஏறிவிட்டது. வயலுக்கு உழவு இயந்திரமும் உரமும் வேண்டும். 2021 மேயில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்திய அடியும் அதோடு சேர்ந்துகொண்டது. சம்மாந்துறை வயலில் விளைந்த அரிசிக்குள்ளும் கொஞ்சம் டொலர் இருக்கிறது.

இனி அடுத்த பாதி. இதைத்தான் அநேகர் கவனிப்பதில்லை. 2023 மார்ச்சிலிருந்து ரூபா பலமடையத் தொடங்கி, 2024 முடிவில் டொலர் 293 அளவுக்கு வந்தது. ரியால் 80. விலைவாசி? ஏறுவது நின்றது, பழைய இடத்துக்கு இறங்கவில்லை. பணவீக்கம் சைபர் என்றால் சாமான் மலிந்தது என்று அர்த்தம் இல்லை. ஏறிய இடத்திலேயே நிற்கிறது என்று அர்த்தம். ஆகவே 2024 முடிவில் வீட்டுக்குக் கிடைத்தது 1,04,000 ரூபா. அதே சாமான்களுக்குத் தேவையானது இன்னும் 1,21,000 அளவுதான். 2021 இன் விலையில் சொன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்வது 61,000 ரூபா. ஏழில் ஒரு பங்கு போய்விட்டது. அங்கே சம்பளம் குறையவில்லை, அனுப்புகிற ரியாலும் குறையவில்லை.

வீட்டைப் பழைய நிலையில் வைத்திருக்க எத்தனை ரியால் அனுப்ப வேண்டும்? 1,21,000 ஐ 80 ஆல் பிரித்தால் 1,500 ரியாலுக்கு மேல். கூடுதலாக 200 ரியால் சொச்சம். அது எங்கிருந்து வரும்? அவருடைய 700 ரியாலில் இருந்து. மீன் வாங்கிச் சமைத்தவர் பருப்போடு நிறுத்துவார், ஆறு பேர் அறையில் இருந்து எட்டுப் பேர் அறைக்கு மாறுவார். கொழும்பில் நாணயச் சந்தையில் நடப்பது தோஹாவில் ஒருவரின் சாப்பாட்டுக் கோப்பைக்குள் வருவது இந்த வழியால்தான். ரூபா விழுந்தபோது எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். ரூபா நிமிர்ந்தபோது அவர் வயிற்றைக் கட்டியதை யாரும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுக்கான கணக்கைக் கொழும்புச் சுட்டெண்ணை வைத்துப் போடாதீர்கள். நீங்கள் வழமையாக வாங்கும் கடையின் பழைய துண்டு ஒன்றைத் தேடி எடுங்கள். கடனுக்கு வாங்குபவர்களின் கொப்பி இன்னும் நல்லது, அதில் எல்லாம் இருக்கும். அதே சாமானை அதே அளவில் இன்றைய விலையில் எழுதிக் கூட்டுங்கள். இன்றைய கூட்டுத்தொகையைப் பழையதால் பிரியுங்கள்: அது விலை ஏறிய மடங்கு. இன்று கையில் கிடைக்கும் ரூபாவை அன்று கிடைத்த ரூபாவால் பிரியுங்கள்: அது ரேட் தந்த மடங்கு. இரண்டாவது பெரிதென்றால் மிச்சம். முதலாவது பெரிதென்றால் வீட்டில் முணுமுணுப்பு வருவதற்குக் காரணம் இருக்கிறது. மின்சாரக் கட்டணம், டியூசன் காசு, மருந்து ஆகியவற்றையும் சேர்க்க மறக்க வேண்டாம்.

படி 4: அங்கே ஏறுகிற விலை எல்லாம் ரேட்டால் அல்ல

சவூதியில் இருப்பவர்கள் 2020 ஜூலையை மறந்திருக்க மாட்டார்கள். பெறுமதி சேர் வரி 5 இலிருந்து 15 வீதமானது. ரியால்–டொலர் அசையவில்லை, ஆனால் கடையில் எல்லாம் ஏறியது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. டொலருக்கு எதிராக இந்திய ரூபா அதற்கு முன்பே இறங்கியிருந்ததால் இந்திய அரிசி வளைகுடாவில் மலிய வேண்டும். தடை வந்ததால் மலியவில்லை.

பொதுவாகச் சொன்னால், டொலர் உலகச் சந்தையில் பலமாக இருக்கும் காலத்தில் வளைகுடாவில் இறக்குமதிச் சாமான் கொஞ்சம் அடங்கி இருக்கும், டொலர் இளகினால் கூடும். ஆனால் வாடகை வேறு கதை. அது அந்த ஊரின் ஆட்களும் வீடுகளும் தீர்மானிப்பது. ஆகவே அங்கே உங்கள் மாதச் செலவை வாடகை, சாப்பாடு, மற்றது என்று மூன்றாக எழுதி வையுங்கள். கொம்பனி அறையும் மெஸ்ஸும் தருகிறதென்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

படி 5: கையில் கிடைக்கும் ரேட்டைக் கண்டுபிடியுங்கள்

கைத்தொலைபேசியில் தேடினால் வருகிற ரேட் நடுவிலை. அந்த விலைக்கு உங்களுக்கு யாரும் தரப் போவதில்லை. வங்கிப் பலகையில் இரண்டு எண் இருக்கும்: வாங்கும் விலை, விற்கும் விலை. வெளியிலிருந்து காசு வந்தால் வாங்கும் விலை உங்களுக்கு. வெளியே அனுப்பினால் விற்கும் விலை. அதிலும் நோட்டாகக் கொண்டுவந்து மாற்றுவதற்கு ஒரு விலை, கணக்குக்கு அனுப்புவதற்கு இன்னொரு விலை. விடுமுறையில் வரும்போது இடுப்பில் கட்டிக்கொண்டு நோட்டாகக் கொண்டுவருவது ஒரு பழைய பழக்கம். அதில் இலாபம் இருக்கிறதா என்று வருவதற்கு முன் இரண்டு எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அனுப்பும் கட்டணம். கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன், எண்கள் உதாரணத்துக்கு மட்டும். ஓர் இடத்தில் ரியாலுக்கு 80.40, கட்டணம் 25 ரியால். இன்னோர் இடத்தில் 79.60, கட்டணம் இல்லை. கையில் 1,000 ரியால் இருந்தால், முதலாவதில் 975 ரியால்தான் மாறும்: 78,390 ரூபா. இரண்டாவதில் 79,600. கட்டணம் இல்லாத இடம் வெல்கிறது. கையில் 3,000 ரியால் என்றால் முதலாவதில் 2,39,190, இரண்டாவதில் 2,38,800. இப்போது ரேட் கூடிய இடம் வெல்கிறது. எனவே "எங்க ரேட் கூட?" என்று கேட்கக் கூடாது; "இந்தக் காசைத் தந்தால் வீட்டுக்கு எத்தனை ரூபா போகும்?" என்று கேட்க வேண்டும். கிடைத்த ரூபாவை, கையில் இருந்து போன முழு ரியாலால் பிரித்தால் வருவதுதான் உங்கள் ரேட். வியாழக்கிழமை 500, சனிக்கிழமை 500 என்று துண்டு துண்டாக அனுப்பி ஒவ்வொரு தடவையும் கட்டணம் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நானும் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன்.

உண்டியலைப் பற்றியும், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு அனுப்புவதைப் பற்றியும், சொல்லத்தான் வேண்டும். 2021 முடிவில் வங்கியில் டொலருக்கு 200 சொச்சம்; உண்டியலில் அதைவிட நிறையக் கிடைத்தது. வங்கி வழியால் அனுப்புபவர்களுக்கு டொலருக்குப் பத்து ரூபா மேலதிகம் தருவதாக அந்த டிசம்பரில் அறிவித்தும் ஆட்கள் திரும்பவில்லை. 2020 இல் 710 கோடி டொலராக இருந்த தொழிலாளர் பணம் 2022 இல் 380 கோடி டொலருக்கு இறங்கியது. அன்று அனுப்பியவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் சட்டத்துக்கு வெளியே போகிற காசு தொலைந்தால் கேட்க இடம் இல்லை, நாளைக்கு வீட்டுக் கடனுக்கு வருமானம் காட்டவும் துண்டு இல்லை. ரூபாவை மிதக்க விட்டபின் இரண்டு விலைக்கும் இடையிலான பெரிய இடைவெளியும் சுருங்கிவிட்டது. இப்போது அந்த ஆபத்தை எடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

படி 6: காத்திருப்பதா, அனுப்புவதா?

"ரேட் ஏறும் மட்டும் வச்சிரு மச்சான்" என்று அறைக்கு ஒருவர் இருப்பார். அவர் சொல்வது பலித்த மாதங்களை மட்டும்தான் அவர் நினைவில் வைத்திருப்பார்.

என் முறை இது. காசை மூன்று பங்காகப் பார்க்கிறேன். வீட்டுச் சாப்பாடு, மருந்து, படிப்பு: சம்பளம் எடுத்த கிழமையிலேயே, ரேட் என்னவாக இருந்தாலும் போக வேண்டும். அங்கே பசி ரேட்டைப் பார்த்து வருவதில்லை.

இரண்டாவது, கடன். இதில் ரேட் உண்மையிலேயே உதவும். 5 இலட்சம் ரூபா கடன், ரியால் 55 ஆக இருக்கும்போது 9,090 ரியால். 99 ஆக இருக்கும்போது 5,050 ரியால். 80 ஆக இருக்கும்போது 6,250. ரூபாவில் கடன் வைத்திருப்பவருக்கு ரூபா விழும் காலம் கடனை உடைக்கும் காலம். 2022 இல் அந்த வாய்ப்பில் கடனைக் கட்டாமல் மோட்டார் சைக்கிள் எடுத்தவர்களை எனக்குத் தெரியும். அடகில் இருக்கும் நகையும் இதில் சேர்த்திதான். தங்கம் உலகச் சந்தையில் டொலரில் விலை போவது; ரூபா விழும்போது ஒரு பவுன் தங்கத்தின் விலை ஏறும், நீங்கள் வாங்கிய அடகுக் கடன் அதே ரூபாவில் நிற்கும். அந்த நேரத்தில் நகை ஏலத்துக்குப் போனால் இரட்டை நட்டம். முதலில் மீட்க வேண்டியது அதைத்தான்.

மூன்றாவது, சேமிப்பு. இதை உடனே ரூபாவாக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இங்குள்ள வங்கிகளில் வெளிநாட்டு நாணயக் கணக்குத் திறந்து டொலராகவே வைக்கலாம். பழையவர்கள் இன்னும் அதை என்.ஆர்.எஃப்.சி. என்றுதான் சொல்வார்கள். தேவை வரும்போது தேவையான அளவை மட்டும் மாற்றலாம். இதற்கு எதிரான வாதமும் உண்டு. 2022 கடைசியில் ரூபா நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது, பிறகு ரூபாவும் பலமடைந்தது. அன்று மாற்றி வைப்பில் போட்டவர்கள் இரண்டு பக்கமும் வென்றார்கள். ஆனால் கடன் கட்ட முடியாது என்று நாடே அறிவித்திருந்த ஆண்டு அது. போட்டவர்களுக்கு அன்று வயிற்றில் புளி கரைத்தது. பாதிக்குப் பாதி வைப்பதுதான் தூக்கம் வரும் வழி.

வீடு கட்டுகிறவர்கள் கட்டங்களாக மாற்றுங்கள்: அத்திவாரத்துக்கு ஒரு தொகை, சுவருக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று. 2021 இல் ஆயிரம் ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்து மூடை 2022 இல் மூவாயிரத்தைத் தாண்டியது. 55 இலிருந்து 99 ஆன ரியாலால் அதைப் பிடிக்க முடியவில்லை. அதற்காகச் சீமெந்தை முன்கூட்டியே வாங்கி அடுக்கி வைத்தால் ரேட்டை வென்றுவிடலாம் என்று எங்கள் ஒழுங்கையில் ஒருவர் முப்பது மூடை வாங்கினார். மாரி மழை வந்து எல்லாம் கல்லாகியது. கம்பி வாங்கி வைக்கலாம், சீமெந்து கூடாது.

படி 7: பிள்ளையைப் படிக்க அனுப்பும் வீடுகளுக்கு

படி 1 இல் நீங்கள் போட்ட வட்டங்கள் எல்லாம் எதிர்த் திசையில் போகின்றன. ரூபா விழுந்தால் வளைகுடா வீடு ஒரு மாதமாவது சிரிக்கும், உங்களுக்கு அதுவும் இல்லை.

2025 இல், ஜனவரி 2 முதல், இங்கிலாந்து மாணவர் விசாவுக்குச் சீவியச் செலவாகக் காட்ட வேண்டியிருந்த தொகை, லண்டனுக்கு வெளியே மாதம் 1,136 பவுண், லண்டனுக்குள் 1,483 பவுண். ஒன்பது மாதம் வரைக்கும். லண்டனுக்கு வெளியே என்றால் 10,224 பவுண். பவுண் 360 ஆக இருந்த ஜனவரியில் அது 36.8 இலட்சம் ரூபா. 411 ஆன ஜூலையில் 42 இலட்சம். பிள்ளை ஒன்றும் செய்யவில்லை, பல்கலைக்கழகம் ஒன்றும் கூட்டவில்லை, ஐந்து இலட்சத்துக்கு மேல் கூடிவிட்டது. கட்டணமும், ஆண்டுக்கு 776 பவுண் வீதம் முன்கூட்டியே கட்டும் சுகாதாரக் கட்டணமும் இதற்கு மேல்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்தத் தொகை கணக்கில் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். ரூபாக் கணக்கில் வைத்திருந்தால், விண்ணப்பிக்கும் நாளில் ஓஆண்டா இணையத்தளத்தின் வீதப்படி பவுணாக மாற்றிப் பார்ப்பார்கள். சரியாக அளவெடுத்துப் போட்டுவிட்டு 28 நாள் காத்திருந்தவருக்கு, இருபத்தெட்டாம் நாள் பவுண் ஏறியிருந்தால் காசு காணாது. பத்து வீதமாவது மேலதிகமாக வைத்திருங்கள்.

கட்டணத்தைத் தவணையாகக் கட்ட விட்டால், முதல் தவணை போக மிச்சத்துக்கு இன்றைய ரேட்டால் கணக்குப் போட்டு நிற்காதீர்கள். இன்றைய ரேட்டில் ஒன்று, பதினைந்து வீதம் ஏறினால் ஒன்று என்று இரண்டு கணக்குப் போடுங்கள். இரண்டாவது கணக்கில் வளவை விற்க வேண்டி வருகிறதா? அப்படியென்றால் வேறு நாடோ, குறைந்த கட்டணமுள்ள இடமோ பார்ப்பது நல்லது. பிள்ளையின் பகுதிநேர வேலையை முழுதாக நம்பிக் கணக்குப் போட வேண்டாம், ஆனால் அது பவுணில் வருகிற காசு. சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் அதையே பாவித்தால் அந்த வரியில் ரூபாவின் ஆட்டம் இல்லாமல் போகும்.

இங்கிருந்து கொண்டுபோன வங்கி அட்டையை அங்கே தேய்க்கும்போது சில இயந்திரங்கள், "இலங்கை ரூபாவில் கழிக்கவா, இந்த நாட்டுப் பணத்தில் கழிக்கவா?" என்று கேட்கும். ரூபா என்றால் நம்ம ஆள் மாதிரி இருக்கும். அதை அமத்த வேண்டாம். அந்த ரேட்டை வைப்பது கடைக்காரருக்காக வேலை செய்யும் நிறுவனம். பெரும்பாலும் உங்கள் வங்கியின் ரேட்டைவிட மோசமாக இருக்கும். அந்த நாட்டுப் பணத்தையே தெரிவு செய்யச் சொல்லிப் பிள்ளையை விமானம் ஏற்றுங்கள்.